குழி காலி

அந்தக் கேமரா முக்காலியைக் குறுக்கே நீட்டாமல் நிமிர்த்தி வையுங்கள் தம்பி. இந்தக் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துவிடுவான். என் பை உங்கள் காலில் இடிக்கிறதா? இடித்தால் இடிக்கட்டும், உதைத்துவிடாதீர்கள். வாடை அடிக்கிறதா? அது அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாடை. பஸ்ஸோடு கொஞ்ச தூரம் வரும், ரயில்வே கேட் தாண்டினால் இறங்கிவிடும்.

நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. முக்காலியோடு இந்த பஸ்ஸில் ஏறுகிறவர் சிமெண்ட் ஃபேக்டரிக்குத்தான் போவார். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறவர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடமாட்டார். 'சென்னையிலிருந்து ஒருத்தர் வர்றார், கேமரா வச்சு நீர்நாயை உறுதி பண்ணிட்டுப் போவார்' என்று பெனிட்டா மேடம் நேற்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதனால்தான் பின்னால் அத்தனை சீட் காலியாகக் கிடந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உங்களுக்கு ஒரு வெட்டி அலைச்சலை மிச்சப்படுத்தலாமே என்று. அங்கே நீர்நாய் இல்லை தம்பி. கிடையாது. இருந்ததும் இல்லை. அது நான் கட்டிவிட்ட கதை. நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு, 'இங்கே ஒன்றுமில்லை' என்று மேலே சொல்லிவிட்டீர்கள் என்றால், சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிடலாம். அந்தக் கம்பிவேலியையும் பிரித்துவிடுவார்கள்.

எந்த வேலி என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன். எரிச்சலாக இருக்கிறது தம்பி. சோறு இறங்கவில்லை.

என் பெயர் கலியபெருமாள். அந்தப் பெயரைச் சொல்லி ஃபேக்டரி கேட்டில் விசாரித்தால் கைவிரித்துவிடுவார்கள். 'சங்கு' என்று கேளுங்கள், காட்டுவார்கள். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைப்பார்கள் இல்லையா, அதற்கு முன்னால் சங்கு ஊதுகிற வேலை எனக்கு. ஊதுவது பெரிய காரியமில்லை, பொத்தானை அமுக்கினால் அது ஊதிவிடும். அதற்கு முன்னால்தான் வேலையே இருக்கிறது. கையில் சிவப்புக்கொடியை எடுத்துக்கொண்டு குழியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். பாறை இடுக்கு, லாரி நிழல், எவனாவது தூங்குகிறானா, எவளாவது சுள்ளி பொறுக்குகிறாளா, எல்லாம் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு மேட்டில் ஏறி நின்று, 'குழி காலி' என்று ஒரு குரல் கொடுப்பேன். அப்புறம்தான் சங்கு. அப்புறம்தான் வெடி. நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஜெனரல் மேனேஜரே வந்து நின்றாலும் வெடிகாரர் சாவியைத் தொடமாட்டார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொறாமை. ஒருதரம் நான் ஊதின சங்குச் சத்தத்தில், பறந்துகொண்டிருந்த கொக்கு ஒன்று அப்படியே ஆகாயத்தில் நின்றுவிட்டது. கீழே இறங்க ஏணி வைத்தோம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் குழி காலி என்று நான் சொல்லி ஒருநாளும் எவனும் சிரித்ததில்லை.

கல் தீர்ந்துபோன பழைய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதும் நாமக்கோழி வந்தது, தாரா வந்தது, கூழைக்கடா வந்தது. கம்பெனிக்காரர்கள் கரையில் நாலு புங்கமரம் வைத்து, ஒரு கொட்டகை போட்டு, வாசலில் 'இயற்கைப் பூங்கா மற்றும் சுற்றுச்சூழல் கல்வி மையம்' என்று போர்டு மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவருவார்கள். ரிட்டயர் ஆன என்னைக் கூப்பிட்டு, 'சங்கு, உனக்குத்தான் குழியோட மூலை முடுக்கெல்லாம் தெரியுமே, பிள்ளைங்களைச் சுத்திக் காட்டு' என்றார் நாச்சியப்பன் சார். அவர்தான் பூங்காவுக்கெல்லாம் அதிகாரி. நல்ல மனுஷர். பறவை என்று எதைக் காட்டினாலும் 'பிரமாதம்' என்பார். காக்காயைக் காட்டினாலும் பிரமாதம்தான்.

பிள்ளைகளை நான் நன்றாகத்தான் சுற்றிக் காட்டினேன். இந்தக் குழித் தண்ணீரில் கெண்டை மீன் சுண்ணாம்பைக் குடித்துக் குடித்து உள்ளே இறுகி, வயதானதும் அம்மிக்குழவி ஆகிவிடும் என்று சொன்னேன். தோட்டவேலை செய்கிற செல்லாயி வீட்டில் அதில்தான் மிளகாய் அரைக்கிறாள் என்றும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். ஒரு பெண் பரீட்சையில் எழுதிவைத்துவிட்டது. அறிவியல் பரீட்சையில், சுண்ணாம்பின் பயன்கள் என்ற கேள்விக்கு. தலைமையாசிரியர் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

அப்போதுதான் பெனிட்டா மேடத்தை வேலைக்கு எடுத்தார்கள். நாகர்கோவில் பக்கம். படித்த பொண்ணு, சின்ன வயசு, வெயிலுக்குப் பயப்படாது. என்னை மரியாதையாகத்தான் நடத்தும், குறை சொல்லமாட்டேன். 'பெரியவரே, நீங்க நடந்து காட்டுங்க, நான் பேசுதேன்' என்றது. சரி என்றேன். ஒருகாலத்தில் இந்த ஊர் முழுக்கக் கடலாக இருந்தது, இதோ பாருங்கள் கல்லில் பதிந்த கடல் நத்தை என்று அது பிள்ளைகளுக்குக் காட்டியது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. அதுவும் என் கதை என்று நினைத்துவிட்டன. அதற்கு நான் என்ன செய்யமுடியும்? மேடம் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. 'இன்று கண்டவை' என்று மேலே எழுதியிருக்கும். யார் எதைப் பார்த்தாலும் சாக்பீஸால் எழுதலாம். யாரும் என்றால் யாரும். லாரி டிரைவர் எழுதலாம், கேன்டீன் மாஸ்டர் எழுதலாம். நான் எழுதினால் மட்டும், என்னோடு இன்னொருத்தரும் பார்த்திருக்கவேண்டும். அது மேடம் எனக்காகப் போட்ட சட்டம். ஏன் என்று கேட்டேன். 'போன வாரம் ரெண்டு தலை உள்ள மீன்கொத்தி எழுதினீங்க' என்றது. ஒன்று போகும்போது பார்த்தேன், ஒன்று வரும்போது பார்த்தேன், இரண்டையும் கூட்டி எழுதினேன். இதிலென்ன தப்பு?

இப்படி இருக்கும்போதுதான் அந்த நீர்நாய். அதாவது, நான் கட்டிவிட்ட நீர்நாய். கதைதான், ஆனாலும் கேளுங்கள். கட்டினதை நன்றாகவே கட்டியிருக்கிறேன்.

மேட்டுக்கு அந்தப்பக்கம் புதுக் குவாரியில் இன்னமும் மத்தியான வெடி உண்டு. அங்கே இப்போது ஒரு பையன் மைக்கில் அறிவிக்கிறான். குழியைச் சுற்றுகிறானோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறானோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கால் சும்மா இருக்காது தம்பி. வெடி நேரம் ஆனால் நான் பாட்டுக்குப் பழைய குழியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். சமயத்தில் கல் இந்தப் பக்கமும் பறந்து வரும். பூங்கா என்று போர்டு மாட்டினால் கல்லுக்குப் படிக்கத் தெரியுமா?

அன்றைக்கும் சுற்றினேன். தென்மேற்கு மூலையில், தண்ணீரை ஒட்டின சப்பட்டைப் பாறை மேல், ஒருத்தன் மல்லாந்து படுத்திருக்கிறான். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் மாதிரி உடம்பெல்லாம் மினுமினுப்பு. 'யாருப்பா அது, வெடி நேரம், எந்திரி' என்றேன். திரும்பினான். மீசை. எங்கள் பழைய டைம்கீப்பர் அப்பாவு முகம் அப்படியே. கையில் ஒரு ஜிலேபி கெண்டை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரும்பு கடிக்கிற மாதிரி தலையிலிருந்து கடித்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஆளைப் பார்த்துச் சோற்றை மூடிவைக்கிற ஜாதியில்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய் கரும்பலகையில் 'நீர்நாய்' என்று எழுதினேன். பெரிய எழுத்தில். மேடம் வந்து பார்த்தது. டஸ்டரை எடுத்தது.

'கூட யாரு பார்த்தா?'

'அதைத் தவிர வேற யாரும் இல்லை மேடம்.'

'பெரியவரே, கொள்ளிடத்துல இருக்கும். குழியில எப்படி இருக்கும்?'

'மருதையாத்து வழியா வந்திருக்கும். வழி கேட்டுக்கிட்டே வந்திருக்கும்.'

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. துடைத்துவிட்டது. மறுநாளும் எழுதினேன், துடைத்தது. அடுத்த நாளும். செல்லாயியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். 'சங்கண்ணே, உன் மீனுல நான் மிளகா அரைக்கிறேன்னு ஊரு பூரா சொல்லிவச்சிருக்க. இப்ப நாயி வேறயா? என் வீட்டுக்குக் காவலுக்கு வச்சிருக்கேன்னு சொல்லிடு' என்று போய்விட்டாள்.

இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்றது எல்லாம் கிடக்கட்டும். குழிக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதில் என் சொல்லைத் துடைப்பதா? என் ஒரு சொல்லை நம்பி எத்தனை பேர் அந்தப் பக்கம் நிம்மதியாகப் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இந்தப் பொண்ணு டஸ்டரால் துடைக்கிறது.

கடைசியில் எப்படி நம்பினார்கள் தெரியுமா? ஒருநாள் மேடம் அந்தப் பாறைக்குத் தாரா முட்டை பார்க்கப் போனது. பாறை மேல் கருப்பாக ஏதோ கிடக்கிறது. குனிந்தது. ஒரு குச்சியால் கிளறியது. மீன் செதில், முள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தது. நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்து, 'பெரியவரே, மன்னிச்சிடுங்க, இது நீர்நாய்தான்' என்றது.

மன்னிப்புக் கேட்ட பொண்ணிடம் கோபப்பட முடியுமா? ஆனால் உள்ளே கொதித்தது தம்பி. நான் வாயால் சொன்னதை நம்பவில்லை. நீர்நாய் பின்னால் போட்டதை நம்பினார்கள். அன்றைக்குக் கரும்பலகையில் மேடமே 'நீர்நாய் எச்சம்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதியது. எச்சத்துக்குப் பக்கத்தில் என் பெயர். செல்லாயி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நாச்சியப்பன் சார் 'பிரமாதம்' என்றார். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார். நீர்நாய் இருக்கிற சிமெண்ட் ஃபேக்டரி வேறு எங்கே இருக்கிறது? கம்பெனி காலண்டரில் நீர்நாய். அது நம்முடையது இல்லை, ஏதோ வெளிநாட்டு நீர்நாய், கன்னம் உப்பி, மீசையெல்லாம் வேறு தினுசு. கேட்டில் சிமெண்டில் ஒரு சிலை வேறு. மேஸ்திரி நீர்நாயைப் பார்த்ததில்லை, அவருக்குத் தெரிந்த நாயைச் செய்துவிட்டார். இப்போது லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரர்கள் பைரவர் என்று நினைத்து அதற்குச் சூடம் கொளுத்துகிறார்கள். நீங்கள் இறங்கினதும் பார்ப்பீர்கள், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை தொங்கும்.

இதெல்லாம் போகட்டும். அடுத்தது வேலி.

'தொந்தரவு இல்லாம இருந்தாத்தான் அது தங்கும்' என்று மேடம் சொல்லி, பழைய குழியின் அந்தப் பாதி முழுக்கக் கம்பிவேலி. மனித நடமாட்டம் கூடாது. பிள்ளைகளுக்குக் கொட்டகையிலேயே டிவியில் காட்டுகிறார்கள். சரி, பிள்ளைகள் போகவேண்டாம். லாரிக்காரன் போகவேண்டாம். நான் யார்? 'நான் மனித நடமாட்டம் இல்லை மேடம், நான் சங்கு' என்றேன். 'உங்களைத்தான் முக்கியமாச் சொல்லுதேன்' என்றது. 'நீங்க அதுக்கு மீன் போடுதீங்க. மனுஷன் கையால சாப்பிட்டுப் பழகினா அது காட்டு உயிரா இருக்காது. நாளைக்கு வேற ஒருத்தன் கையை நீட்டினாலும் போகும், கல்லால அடிச்சுருவான்.'

நான் மீன் போடவே இல்லை தம்பி. இல்லாத நீர்நாய்க்கு யாராவது மீன் போடுவார்களா? குழாய்க்குள் வைப்பேன், அவ்வளவுதான். முன்னே குழித் தண்ணீரை இறைத்துவிட்ட சிமெண்ட் குழாய் ஒன்று பாறைக்கு அடியில் இருக்கிறது. வெடி நேரத்துக்கு முன்னால் குச்சியால் குழாயின் மேல் மூன்று தட்டுத் தட்டுவேன். அது உள்ளே போய்விடும். வெடி முடிந்து கல்லெல்லாம் விழுந்து ஓய்ந்தபிறகு வெளியே வரும். அதற்கு இந்த ஊர் சங்கு தெரியாது பாருங்கள். ஆற்றில் வளர்ந்தது. முதல் நாள் வெடிச் சத்தத்தில் பதறிப்போய் மேட்டின் மேலேயே ஏறி ஓடினது. அந்தப் பக்கம் ஓடியிருந்தால் குவாரிக்குள்தான் விழுந்திருக்கும்.

இப்போது வேலி போட்டாகிவிட்டது. யார் தட்டுவார்கள்?

இதை மேடத்திடம் சொன்னாயா என்று கேட்காதீர்கள். சொன்னேன். 'வேலிக்குள்ள அமைதியா இருந்தா அதுவே பழகிக்கும்' என்றது. பழகிக்கொள்ளலாம். பழகுவதற்கு முன்னால் ஒரு கல் வந்தால்?

வேலியைத் தூக்கவேண்டுமானால் ஒரே வழி, நீர்நாய் இல்லை என்று ஆகவேண்டும். அதனால் போன வாரம் நேராக நாச்சியப்பன் சார் அறைக்குப் போனேன். மேடமும் இருந்தது. 'சார், அது பொய். கொள்ளிடக் கரையிலேர்ந்து நான்தான் அந்த எச்சத்தைப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டுவந்து பாறை மேல போட்டேன்' என்றேன்.

சார் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. 'ஒவ்வொரு தடவையும் புதுசா கிடக்கே பெரியவரே. ஒவ்வொரு தடவையும் போனீங்களா?'

'போனேன்.'

'எந்த பஸ்ல?'

ஆகாயத்தில் நின்ற கொக்குக்கு ஏணி வைத்தவன் நான். எந்த பஸ் என்று கேட்டால் நம்பர் வரவில்லை, ஊர் பேர் வரவில்லை.

'உங்களுக்கு இந்தப் பொய் மட்டும் வரல, பெரியவரே' என்றது மேடம். மெதுவாகத்தான் சொன்னது. அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு மனுஷன் உண்மையைச் சொன்னால் துடைக்கிறார்கள். பொய் என்று சொன்னால் அதையும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நான் பேசுவதா வேண்டாமா?

அதனால்தான் உங்களை நம்பியிருக்கிறேன். நீங்கள் புது ஆள். உங்களுக்கு என் கொக்கும் தெரியாது, கெண்டையும் தெரியாது. உங்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. பார்த்தேன், இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். வேலியைப் பிரித்துவிடுவார்கள். நான் பழையபடி சுற்றிக்கொண்டு கிடப்பேன்.

என்ன கேட்டீர்கள்? சரியாகக் காதில் விழவில்லை, இந்த டிரைவர் கியர் போடுகிற சத்தம் அப்படி.

நானா? நான் எதற்குச் சொல்லவேண்டும்?

இல்லை, புரிகிறது. மேட்டில் நின்று சொல்வேன் என்று சொன்னேன் இல்லையா, அதே சொல்லை இப்போது உங்களிடம் சொல்லவேண்டும். சொன்னால் இங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவீர்கள். கேமராவைக்கூட வெளியே எடுக்கமாட்டீர்கள். அவ்வளவுதானே?

பெரிய விஷயமா? எத்தனையோ தடவை சொன்ன சொல்தானே.

குழி...

கொஞ்சம் இருங்கள். தொண்டையில் சிமெண்ட் தூசி. ஃபேக்டரி நெருங்குகிறது பாருங்கள், புங்க இலையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதே. ஜன்னலைச் சாத்துங்கள். தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், வேண்டாம், சரியாகிவிடும்.

நீங்கள் ரொம்பக் கெட்டிக்காரர் தம்பி. பெனிட்டா மேடம் பஸ் நம்பர்தான் கேட்டது. நீங்கள் அதைவிட மோசம்.

ஸ்டாப் வந்துவிட்டது. அதோ பைரவர். முக்காலியைப் பார்த்து இறக்குங்கள், படியில் இடிக்கும். இந்தப் பையையும் பிடியுங்கள். என்னைத்தான் வேலிக்குள் விடமாட்டார்கள், உங்களை விடுவார்களே. ஆமாம், மீன்தான். ஜிலேபி கெண்டை. காலையில்தான் வாங்கினேன், கெட்டுப்போகவில்லை. வாடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கேமராவைப் பாறைக்கு எதிரே வைக்காதீர்கள், வெயில் நேராக அடிக்கும். குழாய் வாய்க்கு இந்தப்பக்கம் ஒரு கருவேலமரம் இருக்கிறது, அதன் அடியில் வையுங்கள். இடது காது நுனி கொஞ்சம் கிழிந்திருக்கும், அதைப் பார்த்தால் நம்முடையது என்று தெரிந்துகொள்ளலாம். வெடி நேரத்துக்கு முன்னால் குழாய் மேல் மூன்று தட்டு. பலமாக வேண்டாம், கதவு தட்டுகிற மாதிரி. மேடத்திடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம். இல்லை, தட்டுவதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கும். நீங்கள் போனபிறகு மேடமாவது தட்டட்டும்.

கையால் கொடுக்காதீர்கள், மேடம் சொல்வது சரிதான். குழாய்க்குள் தலைப்பக்கம் உள்ளே இருக்கும்படி வையுங்கள். தலையிலிருந்துதான் தின்னும். வாலை மட்டும் விட்டுவைக்கும். அதை நீங்கள் எடுக்கக்கூடாது தம்பி. அது எனக்கு வைக்கிறது.